பிரசவத்துக்கு மூன்று நாள் முன் வந்த சின்னம்மை: ஒரு நிகழ்வு ஆய்வு

தமிழகத்தின் தென்மாவட்டம் ஒன்றில், பிரசவ வலியோடும் உடம்பெல்லாம் அம்மைக் கொப்புளங்களோடும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்த ஒரு தாயையும் அவர் பெற்ற பெண் குழந்தையையும் பற்றிய பதிவு இது. ஆளை அடையாளம் காட்டும் விவரங்கள் சேர்க்கப்படவில்லை. தாயின் உடம்பில் முதல் கொப்புளம் தெரிந்த நாளை 0-ஆம் நாள் என்று கொண்டு நாட்கள் எண்ணப்படுகின்றன. குழந்தையின் வயதைச் சொல்லும் இடங்களில் 'குழந்தையின் நாள்' என்று தனியாகக் குறித்திருக்கிறோம்.

பின்னணி

தாய்க்கு வயது 24. இரண்டாவது பிரசவம். முதல் குழந்தை சுகப்பிரசவம்; அந்தப் பையனுக்கு இப்போது 4 வயது, அங்கன்வாடிக்குப் போகிறான். சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை, ஹீமோகுளோபின் 10.8. பதிவு, தடுப்பூசி, ஸ்கேன் எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தன. தாய்சேய் நல அட்டையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர: சிறுவயதில் சின்னம்மை வந்ததா என்ற கேள்வியை யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

பங்குனி மாதத்தில் மகனுக்கு அம்மை போட்டது. அப்போது தாய்க்கு 35 வாரம் 3 நாள். வீட்டு வழக்கப்படி நிலைவாசலில் வேப்பிலை செருகி, பையனை வேப்பிலைப் படுக்கையில் கிடத்தினார்கள். கூடவே படுத்து, கஞ்சி கொடுத்து, அரிப்புக்கு வேப்பங்கொழுந்தால் தடவிவிட்டவர் தாய்தான். ஐந்தாம் நாள் கிராம சுகாதார செவிலியர் மாதாந்திரப் பார்வைக்கு வந்தார். வாசலில் வேப்பிலையைக் கண்டு, அம்மை கண்ட வீட்டுக்குள் நுழையக் கூடாது என்ற மரியாதையில், தெருவிலிருந்தே நலம் விசாரித்துவிட்டுத் திரும்பினார். தண்ணீர் ஊற்றிய பிறகு வரலாம் என்பது அவர் எண்ணம். அதில் தப்பெண்ணம் எதுவுமில்லை. ஆனால் தாயைக் காப்பாற்றியிருக்கக் கூடிய வாய்ப்பு அந்த வாசலில்தான் கைநழுவியது.

ஏன் நாட்களை எண்ண வேண்டும்

சின்னம்மைக் கிருமி உடம்பில் புகுந்து 10 முதல் 21 நாளில் கொப்புளம் கிளம்பும். பெரும்பாலும் இரண்டு வாரம். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே மூச்சுக்காற்று வழியாகப் பரவத் தொடங்கிவிடும். எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை பரவும்.

கர்ப்பத்தின் முதல் 20 வாரத்துக்குள் வந்தால் பயம் ஒரு விதம். கை கால் குறைவளர்ச்சி, தோலில் தழும்பு, கண், மூளை பாதிப்பு ஆகியவை கருவுக்கு வரலாம். ஆனால் இது 100 கர்ப்பங்களில் இரண்டுக்கு மேல் போவதில்லை. பிரசவத்தை ஒட்டி வந்தால் பயம் வேறு. தாயின் ரத்தத்திலிருந்து கிருமி நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்விடும். அதை எதிர்க்கும் பொருளைத் தாயின் உடம்பு உண்டாக்கி அதே வழியில் அனுப்புவதற்குக் கொப்புளம் கண்டதிலிருந்து ஐந்தாறு நாளாவது வேண்டும். அதற்குள் தொப்புள்கொடி அறுபட்டால் குழந்தை கையில் கிருமி மட்டும் இருக்கும், கேடயம் இருக்காது. பிரசவத்துக்கு 5 நாள் முன்பிருந்து 2 நாள் பின்பு வரை தாய்க்குக் கொப்புளம் கண்டால் அதை ஆபத்து வாயில் என்று பல வழிகாட்டுதல்கள் சொல்வது இதனால்தான். பிரிட்டனில் முன்னும் பின்னும் 7 நாள் என்று இன்னும் அகலமாகவே வைத்திருக்கிறார்கள். சிகிச்சை இல்லாத பழைய காலத்துக் கணக்குகளில், இந்த வாயிலில் பிறந்து நோய் கண்ட குழந்தைகளில் 100க்கு 30 வரை இறந்திருக்கின்றன.

தாய்க்கும் இது சின்ன நோய் அல்ல. பெரியவர்களுக்கு வரும் சின்னம்மையில் நுரையீரல் பாதிப்பும் சேர்ந்துகொள்ளலாம். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் அது கடுமையாகும். வெப்பநாடுகளில் சிறுவயதில் இந்த நோய் வராமலே வளர்ந்துவிடுபவர்கள் குளிர்நாடுகளைவிட அதிகம். அதனால் நம் ஊரில் 'எல்லாருக்கும் சின்ன வயசிலேயே வந்திருக்கும்' என்று நம்பி இருந்துவிட முடியாது.

வீட்டில் கழிந்த மூன்று நாள்

மகனுக்குக் கொப்புளம் கண்ட 15-ஆம் நாள் மாலை, தாயின் நெஞ்சிலும் முதுகிலும் நீர்க்கொப்புளங்கள் தெரிந்தன. முந்தின நாளே காய்ச்சலும் உடம்புவலியும் இருந்தன. கர்ப்பம் 37 வாரம் 4 நாள்.

சின்னம்மைக் கிருமியை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரை பயன் தருவது கொப்புளம் கண்ட முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான். 800 மில்லிகிராம், நாளைக்கு 5 வேளை, 7 நாள். கர்ப்பிணிகள் சாப்பிடலாம்: 1984 முதல் 1999 வரை நடந்த பன்னாட்டுப் பதிவேட்டில், அசைக்ளோவிர் எடுத்த தாய்மார்களின் குழந்தைகளுக்குப் பிறவிக்குறை கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் இந்த வீட்டில் அந்த 24 மணி நேரம் வேப்பிலையிலும் இளநீரிலும் கழிந்தது. ஆத்தா இறங்கும் வரை ஊசி மருந்து கூடாது என்ற நம்பிக்கையில் காய்ச்சலுக்கு பாராசிட்டமால்கூடக் கொடுக்கவில்லை. 2-ஆம் நாள் முகம், தலை, வாய்க்குள் எல்லாம் கொப்புளம் பரவி, வறட்டு இருமல் தொடங்கியது. அந்த இருமல்தான் நுரையீரலின் முதல் எச்சரிக்கை. வீட்டில் அதை அம்மையின் சூடு என்று எடுத்துக்கொண்டார்கள்.

3-ஆம் நாள் விடியற்காலை 3 மணிக்கு வலி எடுத்தது. 108 வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்து உடனே மேல்சிகிச்சைக்கு அனுப்பினார்கள். அனுப்புச் சீட்டில் எழுதியிருந்தது 'காய்ச்சலுடன் பிரசவ வலி' என்பது மட்டும்.

மருத்துவமனைக்கு வந்தபோது

6.10-க்கு வந்து சேர்ந்தார். சீட்டில் அம்மை என்ற சொல் இல்லாததால் லேபர் வார்டுக்கு வெளியே உள்ள காத்திருப்புக் கூடத்தில் மற்றக் கர்ப்பிணிகளோடு உட்கார வைக்கப்பட்டார். போர்த்தியிருந்த முந்தானை விலகி, கழுத்துக் கொப்புளங்களை ஒரு செவிலியர் பார்த்தபோது மணி 6.50. ஒரே அறையில் 15 நிமிடம் இருந்தாலே தொற்று வாய்ப்பு என்று கொள்ள வேண்டிய நோயில், 40 நிமிடம்.

உடனே தனி அறைக்கு மாற்றினார்கள். உள்காற்று வெளியே கசியாத எதிர்மறை அழுத்த அறை அங்கே இல்லை. வராந்தாக் கோடியில், ஜன்னல் வெளிப்பக்கம் திறக்கும், எக்ஸாஸ்ட் ஃபேன் உள்ள ஓர் அறையைத் தேர்ந்து, வராந்தாப் பக்கக் கதவை மூடியே வைத்தார்கள். சின்னம்மை வந்து தேறியவர்கள் மட்டும் உள்ளே போனார்கள். கர்ப்பிணியான ஒரு பயிற்சி மருத்துவர் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டார்.

பரிசோதனையில் கண்டவை: காய்ச்சல் 101.4 டிகிரி, நாடி 112, மூச்சு நிமிடத்துக்கு 24, ஆக்ஸிஜன் 95 சதவீதம். நூற்றுக்கு மேற்பட்ட கொப்புளங்கள், எல்லாம் ஒரே பருவத்தில் இல்லை. புதிது, நீர் கோத்தது, உடைந்தது மூன்றும் பக்கத்தில் பக்கத்தில். வலது நுரையீரலின் அடிப்பகுதியில் மெல்லிய கரகரப்பு. வயிற்றை மறைத்து எடுத்த எக்ஸ்ரேயில் சிறு புள்ளிப் புள்ளியான நிழல்கள். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 1.24 லட்சம், கல்லீரல் நொதிகள் சற்று உயர்வு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 0.7. கருப்பை வாய் 4 செ.மீ. திறந்திருந்தது, பனிக்குடம் உடையவில்லை, குழந்தையின் இதயத்துடிப்பு சீராக இருந்தது.

பிரசவத்தில் எடுத்த முடிவுகள்

முதல் கேள்வி, வலியை நிறுத்தி வைக்க முடியுமா என்பது. இன்னும் மூன்று நாள் வயிற்றில் இருந்தால் குழந்தைக்குத் தாயின் எதிர்ப்பொருள் கிடைத்துவிடும். வலி எடுக்காத நிலையில் வந்திருந்தால், தாயின் மூச்சு அனுமதிக்கும்வரை பிரசவத்தைத் தூண்டாமல் காத்திருப்பதே சரி. இங்கே 38 வாரம் முடிந்து, வலி முழுமூச்சில் இருந்தது. 4 செ.மீ.க்குப் பிறகு பிரசவ வலியை நிறுத்திவைக்கும் மருந்து பல மணி நேரத்துக்கு மேல் பலிக்காது. நுரையீரல் பாதிப்புள்ள தாய்க்கு அந்த மருந்துகளே மூச்சை மேலும் கெடுக்கும். தடுக்க வேண்டாம் என்று முடிவானது.

இரண்டாவது, சிசேரியன். உறவினர்கள் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். குழந்தைக்குக் கிருமி போவது பிறப்புவழியில் அல்ல, ரத்தத்தில். வயிற்றைக் கிழித்து எடுப்பதால் அது மாறாது. மயக்க மருந்தும் அறுவையும் தாயின் நுரையீரலுக்குக் கூடுதல் பாரம். சுகப்பிரசவம் என்பதில் குழுவுக்கு இரண்டு கருத்து இருக்கவில்லை.

மூன்றாவது, மருந்து. நுரையீரல் அறிகுறி வந்த பிறகு மாத்திரை போதாது. எடை 60 கிலோ. கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் 600 மில்லிகிராம் அசைக்ளோவிர், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக. முதல் வேளை காலை 7.30. இதை நேரடியாக ஊசியில் ஏற்றக் கூடாது. ஒரு மி.லி.யில் 5 மில்லிகிராமுக்கு மேல் இல்லாதபடி, அதாவது 600 மில்லிகிராமைக் குறைந்தது 120 மி.லி. நார்மல் சலைனில் கலந்து, ஒரு மணி நேரம் ஓட விட வேண்டும். வேகமாக ஏற்றினாலோ உடம்பில் நீர் குறைந்திருந்தாலோ மருந்து சிறுநீரகக் குழாய்களில் படிகமாக உறைந்துவிடும். காய்ச்சலோடு மூன்று நாள் பாதி வயிறாக இருந்தவர் என்பதால், மருந்துக்கு முன்பே ஒரு பாட்டில் ட்ரிப்ஸ் ஓடியது. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம் என்று கேஸ் ஷீட்டின் முகப்பிலேயே சிவப்பு மையில் எழுதப்பட்டது.

தாய்க்கு இம்யூனோகுளோபுலின், அதாவது பிறர் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருள், தரலாமா என்றும் ஒருவர் கேட்டார். கொப்புளம் தெரிந்த பிறகு அது தாய்க்குப் பயன்படாது. தொற்றுக்கு ஆளாகி, இன்னும் கொப்புளம் வராதவர்களுக்கு உரிய மருந்து அது.

பகல் 12.20-க்குக் குழந்தை பிறந்தது. பெண், 2.6 கிலோ, பிறந்ததும் அழுதாள், தோலில் ஒரு புள்ளிகூட இல்லை. குழந்தையின் தலையில் மின்முனை வைப்பது, ஆயுதம் போட்டு எடுப்பது போன்ற தோலைக் கீறும் எதையும் செய்யவில்லை. நச்சுக்கொடி முழுமையாக வந்தது. தட்டணுக்கள் குறைவாக இருந்ததால் ரத்தப்போக்கு கூடுதல் கவனத்தோடு பார்க்கப்பட்டது, அளவு மீறவில்லை.

அன்று இரவு தாயின் ஆக்ஸிஜன் 92-க்கு இறங்கியது. முகமூடி வழியாக நிமிடத்துக்கு 4 லிட்டர், இரண்டு நாள் தேவைப்பட்டது. 5-ஆம் நாள் காய்ச்சல் விட்டது. நரம்பு வழி மருந்து 5 நாள், பிறகு மாத்திரையாக மொத்தம் 10 நாள் முடிக்கப்பட்டது.

குழந்தைக்கு மருந்து தேடிய எட்டு மணி நேரம்

இந்த வாயிலில் பிறந்த குழந்தைக்கு முதல் தேர்வு, சின்னம்மைக்கென்றே உள்ள இம்யூனோகுளோபுலின் ஊசி: 125 யூனிட், தசையில், பிறந்தவுடன் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம். மருத்துவமனை இருப்பில் அது இல்லை. ஊர் மருந்துக்கடைகள், மொத்த விற்பனையாளர்கள், வேறு இரண்டு மருத்துவமனைகள் என்று தொலைபேசியில் தேடியதில் இரவு 8 மணி ஆகிவிட்டது. கிடைக்கவில்லை.

அதன் பிறகே மாற்றுவழிக்கு வந்தார்கள். பச்சிளங்குழந்தைப் பிரிவின் குளிர்பெட்டியில் பொது இம்யூனோகுளோபுலின், அதாவது ஐ.வி.ஐ.ஜி., இருந்தது. ஆயிரக்கணக்கான கொடையாளர்களின் பிளாஸ்மாவிலிருந்து எடுப்பது என்பதால் சின்னம்மைக்கான எதிர்ப்பொருளும் அதில் உண்டு. கிலோவுக்கு 400 மில்லிகிராம், ஒரே தடவை. 2.6 கிலோவுக்கு 1,040 மில்லிகிராம். 5 சதவீதக் கரைசலில் சுமார் 21 மி.லி. சிரிஞ்ச் பம்ப்பில் முதல் அரைமணி நேரம் மணிக்கு 1.3 மி.லி. வேகம், நாடியும் மூச்சும் காய்ச்சலும் மாறாததைப் பார்த்து மணிக்கு 5 மி.லி. முடிய நாலரை மணி நேரம். தொடங்கியபோது குழந்தையின் வயது எட்டு மணி நேரத்தைத் தாண்டியிருந்தது.

வைட்டமின் கே, பி.சி.ஜி., போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி முதல் தவணை எல்லாம் வழக்கம்போலப் போடப்பட்டன. ஐ.வி.ஐ.ஜி. இவற்றைக் கெடுக்காது. தட்டம்மை-ரூபெல்லா ஊசியைத்தான் கெடுக்கும். இந்த அளவு ஐ.வி.ஐ.ஜி. பெற்ற குழந்தைக்கு அதை 8 மாதம் தள்ளிப் போட வேண்டும். அட்டவணையில் அது எப்படியும் 9 மாதம் முடிந்துதான் வருகிறது என்பதால் தேதி மாறவில்லை. ஆனாலும் அட்டையில் குறித்து வைத்தார்கள், யாராவது முன்கூட்டியே போட்டுவிடக் கூடாதே என்று.

எங்கே வைப்பது, எப்படிப் பால் கொடுப்பது

நோய் அபாயமுள்ள குழந்தை என்றதும் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோகத்தான் கை நீளும். அங்கே ஒரு கிலோவும் ஒன்றரைக் கிலோவுமாகக் குறைமாதக் குழந்தைகள் வரிசையாகக் கிடக்கின்றன. இந்தக் குழந்தை அப்போது யாருக்கும் பரப்பாது. ஆனால் தாயின் 8-ஆம் நாளிலிருந்து பரப்பக் கூடியவள் என்றே கொள்ள வேண்டும். வழக்கமாக 21-ஆம் நாள் வரை. இம்யூனோகுளோபுலின் கொடுத்திருந்தால் நோய் தாமதித்து வரலாம் என்பதால் 28-ஆம் நாள் வரை. நன்றாக இருக்கும் குழந்தையை உள்ளே கொண்டுபோய், எட்டாம் நாள் வெளியே எடுப்பது யாருக்கும் நல்லதல்ல. தாயின் தனி அறையிலேயே வைப்பது என்று முடிவானது.

தாயையும் சேயையும் பிரிக்க வேண்டுமா என்பதில் நாடுகளின் வழிகாட்டுதல்கள் ஒத்துப்போவதில்லை. நச்சுக்கொடி வழியாக ஏற்கெனவே கிருமி வந்துவிட்ட குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து, பால்பவுடருக்கு மாற்றுவதில் லாபத்தைவிட நட்டம் அதிகம் என்று குழு கருதியது. கொப்புளங்களைத் துணியால் மூடி, முகக்கவசம் போட்டு, கை கழுவி, பால் கொடுக்கச் சொன்னார்கள். இடது மார்பில் காம்பை ஒட்டி இரண்டு கொப்புளங்கள் இருந்தன. அவை பொருக்குத் தட்டும்வரை அந்தப் பக்கம் குழந்தையை வைக்காமல், பால் கட்டிக்கொள்ளாதபடி கையால் பீய்ச்சி எடுத்தார்கள். 7-ஆம் நாள் இரு பக்கமும் கொடுக்கத் தொடங்கினார்.

நான்காம் நாள் பேச்சு

குழந்தையின் 4-ஆம் நாள். தாய் தேறிவிட்டார், குழந்தை பால் குடிக்கிறாள், உடம்பில் ஒரு கொப்புளமும் இல்லை. வீட்டுக்கு விடுங்கள், ஆத்தாளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றார் மாமியார். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான கோரிக்கை. ஆனால் இந்த நோய் பெரும்பாலும் வெளிப்படுவது குழந்தையின் 5 முதல் 10-ஆம் நாளுக்குள். வெளிப்பட்டால் மணிக்கணக்கில் மோசமாகலாம். வீடோ இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில்.

"சிஸ்டர், ஆத்தா இறங்குற வரைக்கும் ஊசி மருந்தே கூடாது, நீங்க நாலு நாளா ஏத்திக்கிட்டே இருக்கீங்க. இனியாவது விடுங்கம்மா," என்றார் அவர்.

பணியிலிருந்த மூத்த செவிலியர் சொன்ன பதிலைக் குழு பிற்பாடும் பயன்படுத்துகிறது: "அம்மா, ஆத்தாளுக்குச் செய்யறத நீங்க செய்யுங்க. பிள்ளைக்குச் செய்யறத நாங்க செய்யறோம். ஒண்ணுக்கொண்ணு தடை இல்ல."

அது வெறும் பேச்சாக நிற்கவில்லை. தாயின் கட்டிலில் வேப்பிலை வைக்க அனுமதித்தார்கள். கொப்புளமெல்லாம் பொருக்குத் தட்டிய 9-ஆம் நாள், அறையை ஒட்டிய குளியலறையில் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட வெந்நீரில் தலைக்கு ஊற்றிக்கொண்டார். கேட்டுக்கொண்டது மூன்றே: குழந்தையின் தோலில், கண்ணில், தொப்புளில் வேப்பிலை அரைத்துப் பூசக் கூடாது, குழந்தைக்கு எந்த மருந்துத் தண்ணீரும் புகட்டக் கூடாது, பத்தியம் என்று தாயின் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. மாமியார் ஒப்புக்கொண்டு தானும் கூடவே தங்கினார். அவருக்குச் சிறுவயதில் சிச்சிலுப்பை, அதாவது சின்னம்மை, வந்து தழும்பு இருந்தது.

மூன்று மணிக்கொரு தரம் மூச்சு எண்ணிக்கை, காய்ச்சல், பால் குடித்த நேரம். காலையும் மாலையும் துணி முழுவதும் அவிழ்த்து, தலைமுடியை விலக்கி, அக்குள், தொடை இடுக்கு உட்படத் தோல் சோதனை. ஒரு கொப்புளமோ, காய்ச்சலோ, பால் குறைவோ கண்டால் மருத்துவருக்குக் காத்திராமல் அசைக்ளோவிர் முதல் வேளையைத் தொடங்கலாம் என்று கையெழுத்திட்ட உத்தரவு கேஸ் ஷீட்டில் இருந்தது.

எட்டாம் நாள் கொப்புளம்

குழந்தையின் 8-ஆம் நாள், தாயின் 11-ஆம் நாள், மாலைச் சோதனையில் உச்சந்தலையில் ஒன்றும் வயிற்றில் இரண்டும் தெரிந்தன. காய்ச்சல் 100.2. மதியத்திலிருந்து பால் குடிப்பது தளர்ந்திருந்ததை மாமியார்தான் முதலில் சொன்னார். கொப்புள நீர், கிருமியைக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனைக்குப் போனது, முடிவுக்குக் காத்திராமல் 50 நிமிடத்துக்குள் மருந்து ஓடியது.

அளவு: கிலோவுக்கு 10 மில்லிகிராம், 8 மணிக்கொரு தரம், இந்தக் குழந்தைக்கு 26 மில்லிகிராம். 250 மில்லிகிராம் குப்பியை 10 மி.லி. ஸ்டெரைல் வாட்டரில் கரைத்தால் ஒரு மி.லி.யில் 25 மில்லிகிராம். அதில் 1.04 மி.லி.யை எடுத்து, சலைன் சேர்த்து 6 மி.லி. ஆக்கி, பம்ப்பில் மணிக்கு 6 மி.லி. பென்சைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரைப் பச்சிளங்குழந்தைக்குக் கரைப்பானாக எடுக்கக் கூடாது. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வேறொரு கிருமிக்கு இதே மருந்தைக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் கொடுப்பார்கள். இரண்டையும் குழப்பி அளவு மாறுவது அடிக்கடி நேரும் தவறு. எனவே நோயின் பெயரும் அளவும் ஒரே வரியில் எழுதப்பட்டன.

மருந்தின் மூன்றாம் நாள் ஒரு சிக்கல். இடது புறங்கையில் நீர் கோத்துப் புடைத்திருந்ததைப் புதிய அம்மைக் கொப்புளம் என்று இரவுப் பணியில் பதிந்தார்கள். காலையில் பார்த்தபோது வென்ஃப்ளான் (நரம்பில் செருகிய ஊசிக்குழாய்) நரம்பைவிட்டு விலகி, மருந்து சதைக்குள் கசிந்திருந்தது. அசைக்ளோவிர் கடும் காரத்தன்மை உள்ளது. கசிந்தால் தோல் வெந்துவிடும். ஊசியை எடுத்து, கையை உயர்த்தி வைத்து, வேறு இடத்தில் போட்டார்கள். தோல் நான்கு நாளில் ஆறியது. அதிலிருந்து ஒவ்வொரு வேளைக்கு முன்பும் சலைன் ஏற்றிப் பார்த்த பிறகே மருந்து.

மொத்தம் 22 கொப்புளங்கள். குழந்தையின் 11-ஆம் நாளுக்குப் பிறகு புதிது கிளம்பவில்லை. மூச்சு கெடவில்லை, நெஞ்சு எக்ஸ்ரே தெளிவு, தட்டணு 1.6 லட்சத்துக்குக் கீழே இறங்கவில்லை, மூன்று முறை பார்த்த கிரியாட்டினின் உயரவில்லை. இரண்டாம் நாள் வந்த பி.சி.ஆர். சின்னம்மை என்று உறுதி செய்தது. மருந்து 10 நாள் முடிந்து, எல்லாம் பொருக்குத் தட்டி, குழந்தையின் 19-ஆம் நாள் 2.84 கிலோவோடு வீடு போனாள்.

காத்திருப்புக் கூடத்தில் இருந்தவர்கள்

அன்று காலை கூடத்தில் இருந்த 9 கர்ப்பிணிகளும், பிறந்து இரண்டு நாளான 2 குழந்தைகளும் வருகைப் பதிவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்டார்கள். ஆறு பேர் சின்னம்மை வந்ததைத் தெளிவாகச் சொன்னார்கள். நிச்சயமில்லாத மூவருக்கு ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்பொருளைப் பார்த்ததில் இருவருக்கு எதிர்ப்பொருள் இருந்தது, 28 வாரக் கர்ப்பிணி ஒருவருக்கு இல்லை. இம்யூனோகுளோபுலின் கிடைக்காத நிலையில், தொற்றுக்கு ஆளான 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், நாளைக்கு 4 வேளை கொடுக்கப்பட்டது. பிரிட்டனில் இப்போது இதையே முதல் வழியாக வைத்திருக்கிறார்கள். அவருக்கு நோய் வரவில்லை. இரண்டு குழந்தைகளும் நிறைமாதம், தாய்மாருக்கு எதிர்ப்பொருள் உண்டு, கண்காணிப்பு மட்டும். எதிர்ப்பொருள் இல்லாத ஒரு துப்புரவுப் பணியாளருக்கு, தொற்றுக்கு ஆளான 8-ஆம் நாள் முதல் 21-ஆம் நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு.

தொடர்ந்து பார்த்ததில்

6 வாரத்திலும் 3 மாதத்திலும் குழந்தையின் வளர்ச்சி, பார்வை, கேட்கும் திறன் சரியாக இருந்தன. பச்சிளம் பருவத்தில் சின்னம்மை வந்த குழந்தைக்குச் சில மாதங்களிலேயே அக்கி வரலாம். உடம்பின் ஒரு பக்கம் மட்டும் கொத்தாகக் கொப்புளம் கண்டால் உடனே வர வேண்டும் என்று சொல்லப்பட்டது. அதே வீட்டில் புதிதாகக் கல்யாணமான நாத்தனார் ஒருவர் இருந்தார். அவருக்கு இந்த நோய் வந்ததில்லை, அந்த முறையும் தப்பித்திருந்தார். கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்து, சின்னம்மைத் தடுப்பூசி முதல் தவணை போடப்பட்டது. உயிர்க்கிருமி ஊசி என்பதால் கர்ப்பத்தில் போடக் கூடாது. ஒவ்வொரு தவணைக்குப் பின்னும் குறைந்தது ஒரு மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். அரசின் இலவசப் பட்டியலில் இந்த ஊசி இல்லை. குடும்பம் காசு கொடுத்து வாங்கியது.

என்ன மாற வேண்டும்

முதல் கர்ப்பப் பதிவிலேயே கேள்வி வேண்டும். அதையும் 'அம்மை வந்திருக்கா?' என்று கேட்டால் பிரயோசனமில்லை. தட்டம்மை, மணல்வாரி, புட்டாளம்மை எல்லாவற்றுக்கும் ஆம் என்றே பதில் வரும். நீர்க்கொப்புளமாக வந்ததா, தழும்பு எங்கே, யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்க வேண்டும். தெரியவில்லை என்றால் ஐ.ஜி.ஜி. பார்க்கலாம்.

நிலைவாசல் வேப்பிலை நமக்குக் கிடைக்கும் முதல் தகவல், எந்த அறிக்கையையும்விட முந்தி வருவது. உள்ளே போகாமலே வாசலில் நின்று, இந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாரா, எத்தனை மாதம், முன்பு வந்திருக்கிறதா என்று மூன்று கேள்வி கேட்க முடியும். இந்தத் தாயிடம் மகனின் ஐந்தாம் நாளில் அதைக் கேட்டிருந்தால், ரத்தப் பரிசோதனைக்கும் தடுப்பு அசைக்ளோவிருக்கும் நாள் இருந்தது.

அனுப்புச் சீட்டில் 'அம்மை' என்று பெரிய எழுத்தில் எழுதி, வண்டி கிளம்பும் முன் தொலைபேசியில் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் நோயாளி காத்திருப்புக் கூடத்தை மிதிக்காமல் பின்வாசல் வழியாக நேரே தனி அறைக்குப் போகலாம்.

குழந்தையின் இம்யூனோகுளோபுலினுக்கு எட்டு மணி நேரம் தேடியது தவறு. தேடலுக்கு இரண்டு மணி நேரம், கிடைக்காவிட்டால் ஐ.வி.ஐ.ஜி. தொடங்குவது என்று இப்போது எழுதி வைத்திருக்கிறார்கள். தாய் வலியோடு காலை ஏழு மணிக்கே உள்ளே இருந்தார். தேடலைப் பிரசவத்துக்கு முன்பே தொடங்கியிருந்தால் அந்த இரண்டு மணி நேரம்கூடத் தேவைப்பட்டிருக்காது.

அசைக்ளோவிரைக் கொப்புளத்துக்குக் காத்திராமல், தாயின் 7-ஆம் நாளில், அதாவது குழந்தையின் 4-ஆம் நாளில், தடுப்பாகவே தொடங்கியிருக்க வேண்டுமா என்பதில் குழுவுக்குள் இன்னும் விவாதம் உண்டு. தனி இம்யூனோகுளோபுலின் உரிய நேரத்தில் கிடைத்து, குழந்தையைத் தினம் இருமுறை பார்க்க ஆளும் இருந்தால் காத்திருக்கலாம். ஐ.வி.ஐ.ஜி. மட்டுமே, அதுவும் தாமதமாக, தாய்க்கு நுரையீரல் பாதிப்பும் சேர்ந்து என்றால் அடுத்த முறை காத்திருக்க மாட்டோம் என்பது பெரும்பான்மைக் கருத்து.

நாத்தனாருக்கு இரண்டாம் தவணை ஆறு வாரம் கழித்துப் போடப்பட்டது. ஒன்பது மாதம் முடிந்ததும் குழந்தை தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு வந்தாள். உச்சந்தலையில் முடிக்குள் ஒரு சிறு குழித்தழும்பு மட்டும் இருந்தது.